கல் சங்கிலியும் நங்கூரச் சங்கிலியும்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 1979-இலும் பிறகு 2019-இலும் அத்தி வரதரைக் காணக் கூடிய இலட்சக்கணக்கான மக்கள் நினைவில் வைத்திருக்கும் அனந்தசரஸ் குளம் இந்த மண்டபத்தை ஒட்டியே இருக்கிறது. விசயநகர அரசர் காலத்தைச் சேர்ந்த இம்மண்டபத்தின் கூரை மூலைகளில் கல்லால் ஆன சங்கிலிகள் தொங்குகின்றன. கண்ணிகளைத் தனித்தனியே செய்து கோத்தவை அல்ல இவை. ஒரே கல்லைக் குடைந்து, கண்ணிக்குள் கண்ணியாக விடுவித்து எடுத்திருக்கிறார்கள். எங்கும் ஒட்டு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கண்ணியும் தனியே அசையும்.

இந்தச் சங்கிலியால் ஒரு படகைக் கட்டி நிறுத்த முடியுமா? குறும்புத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் விடை நம்மை நல்ல இடத்திற்கு அழைத்துச் செல்லும். முடியாது என்பதே விடை. கருங்கல் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது; அதனால்தான் மண்டபத்தின் தூண்கள் பல நூற்றாண்டுகளாகக் கூரையைச் சுமந்து நிற்கின்றன. இழுப்பைத் தாங்குவதில் அது மிகவும் சோப்ளாங்கி. அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும் வலிமை. சங்கிலியோ இழுப்புக்காகவே பிறந்த பொருள். அதை இழுக்கலாம், எந்தப் பக்கமும் மடக்கலாம். ஆனால் தள்ள முடியாது. தள்ளினால் சுருண்டு குவியும். ஒரு கண்ணி படுத்திருந்தால் அடுத்த கண்ணி நிமிர்ந்து நிற்கும் அந்த அமைப்பே இதற்குக் காரணம். சிற்பி அந்த அமைப்பைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார். பொருள்தான் கல்.

காஞ்சிபுரத்தில் கடல் இல்லை. ஆனால் பல்லவர்கள் அங்கிருந்து ஆண்டபோது அவர்களுடைய துறைமுகமாக மாமல்லபுரம் இருந்தது. சாலை வழியே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு. அந்த மாமல்லபுரத்துக்கு அருகில்தான் 2012 அக்டோபர் 31-ஆம் நாள் 'நீலம்' புயல் கரையைக் கடந்தது. அன்றைய தினம் சென்னைக்கு வெளியே கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டு போயிற்று. நங்கூரம் தரையைப் பற்றி நிற்கவில்லை, இழுபட்டது. கப்பல் பெசன்ட் நகர் கடற்கரை அருகே தரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் அப்படகு கவிழ்ந்து மாண்டனர். மறுநாள் நகரமே கடற்கரைக்கு வந்து அந்தக் கப்பலை வேடிக்கை பார்த்தது.

இது நம் கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒதுங்கிடங்கள் குறைவு. மதராசில் துறைமுகச் சுவர் கட்டும் வேலை 1876-இல்தான் தொடங்கியது. அதிலும் பெரும்பகுதியை 1881-ஆம் ஆண்டுப் புயல் தகர்த்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். புயல் குறி தெரிந்தால் நங்கூரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே பிழைக்கும் வழி. 1746 அக்டோபரில் மதராசைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே, ஒரே இரவுப் புயலில் தம் கப்பல்களில் பலவற்றை இழந்தார்.

பெரிய கப்பலுக்கே இந்தக் கதி என்றால், ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள சிறிய பாய்மரப் படகு என்ன செய்யும்? அதில் இருப்பவர்கள் இருவர் அல்லது மூவர். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்னும் இரண்டு கடற்படை அதிகாரிகள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். அந்தப் படகில் அவர்கள் இருவர் மட்டுமே. அது 17 மீட்டர் நீளம் கொண்டது. நாம் இங்கே பேசப்போவது அதில் பாதி நீளம் உள்ள படகுகளைப் பற்றி. ஓரிடத்தில் இரவு தங்க வேண்டுமானால், அப்படகில் உள்ளோர் உயிரை ஒப்படைத்துத் தூங்குவது கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு சங்கிலியிடம்தான். அந்தச் சங்கிலியைப் படகில் எங்கே வைப்பது, எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்பவை கைவேலைச் சமாசாரங்கள் போலத் தோன்றும். உண்மையில் இயற்பியல் பாடத்தில் பாதி இதற்குள் அடங்கியிருக்கிறது.

நங்கூரம் கனத்தால் நிற்பதில்லை

படகை நிறுத்துவது நங்கூரத்தின் எடை என்று பலர் எண்ணுகிறார்கள். பண்டைக்கால மாலுமிகள் துளையிட்ட கல்லை நங்கூரமாகப் பயன்படுத்தினார்கள். துவாரகைக்கு அருகில் கடலடியில் இத்தகைய கல் நங்கூரங்களைக் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கண்டெடுத்திருக்கிறார்கள். கல் நங்கூரத்துக்கு எடைதான் எல்லாம். ஆனால் இன்றைய இரும்பு நங்கூரம் ஏர்க்கொழு போன்றது. கிடைமட்டமாக இழுத்தால் மண்ணுக்குள் புதையும். இழுக்க இழுக்க ஆழமாகப் போகும். பத்துக் கிலோ நங்கூரம் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்குவது இதனால்தான். அதையே மேல்நோக்கி இழுத்தால்? ஏரைத் தூக்கினால் கொழு வெளியே வந்துவிடுவதுபோல நங்கூரமும் பெயர்ந்துவிடும்.

படகோ நீரின் மேல் மிதக்கிறது; நங்கூரம் அடியில் கிடக்கிறது. படகின் இழுப்பு இயல்பாகவே மேல்நோக்கிச் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கிடைமட்டமாக மாற்றித் தருவது எது? சங்கிலியின் எடை! இரு கைகளாலும் ஒரு சங்கிலியைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். நடுவில் தொய்ந்து ஒரு வளைவு தோன்றும். இது பரவளையம் போன்றது என்று கலிலியோ 1638-இல் எழுதினார். ஆனால் அது அப்படியே பரவளையம் அன்று. அதன் சரியான சமன்பாடு எது என்பது 1691-இல் தெளிவாயிற்று. யாக்கோபு பெர்னூலி விடுத்த அறைகூவலுக்கு லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் தனித்தனியே விடை கண்டார்கள். தொங்குசங்கிலி வளைகோடு என்று நாம் அதைச் சொல்லலாம். படகிலிருந்து தொங்கும் சங்கிலியில் இந்த வளைவின் அடிப்பகுதி கடல்தரையைத் தொட்டுப் படுத்துவிடுகிறது. ஆகவே நங்கூரத்துக்குக் கிடைப்பது கிடைமட்ட இழுப்பு மட்டுமே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 8 மில்லிமீட்டர் கம்பியில் செய்த சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். நீருக்குள் எட்டில் ஒரு பங்கு குறைந்து 1.2 கிலோ ஆகும். நீரின் ஆழம் 5 மீட்டர், படகின் முனை நீருக்கு மேல் 1 மீட்டர். ஆக உயரம் 6 மீட்டர். மிதமான காற்று படகை 30 கிலோ விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். தரையிலிருந்து எழும்பி நிற்கும் சங்கிலியின் நீளத்தைக் காண, உயரத்தின் வர்க்கத்தோடு, உயரத்தை இழுவிசையால் பெருக்கி இரட்டித்து மீட்டர் எடையால் வகுத்து வந்ததைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 36-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 336. வர்க்கமூலம் 18.3 மீட்டர். இருபது மீட்டர் சங்கிலி விட்டிருந்தால் போதும்.

இப்போது காற்றின் வேகம் இரு மடங்காகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழுப்பு நான்கு மடங்கு, அதாவது 120 கிலோ. அதே கணக்கைப் போட்டால் 35 மீட்டருக்கு மேல் வருகிறது! மாலையில் இருபது மீட்டர் சங்கிலி விட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தவரின் நங்கூரம் நள்ளிரவில் பெயர்வது ஏன் என்பது இப்போது புரியும். ஆழத்தைப்போல நான்கைந்து மடங்கு, காற்று பலமானால் ஏழு மடங்கு என்று மாலுமிகள் வாய்ப்பாடாகச் சொல்வது இதைத்தான். உயரத்தை அளக்கும்போது படகு முனையின் உயரத்தையும், ஏறப்போகும் ஓதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

சங்கிலியின் எடைக்கும் ஒரு எல்லை உண்டு. சூறைக்காற்றில் சங்கிலி கம்பிபோல விறைத்துவிடும். அப்போது அதில் தொய்வு இல்லை. ஒவ்வோர் அலையும் படகைச் சுண்டி இழுக்கும். இரும்பு நீளாது; அந்த அதிர்ச்சி முழுவதும் நங்கூரத்துக்கும் படகின் தளத்துக்கும் போகும். அதனால் சில மீட்டர் நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கியால் மாட்டி, மறுமுனையைப் படகில் கட்டி, இழுப்பைக் கயிறு ஏற்கும்படி செய்வார்கள். நைலான் நன்றாக நீண்டு சுருங்கும்.

அப்படியானால் முழுவதும் நைலான் கயிறாகவே வைத்துக்கொண்டால் என்ன? எடையும் குறையுமே! பலர் அப்படித்தான் செய்கிறார்கள்: நங்கூரத்தை ஒட்டிப் பத்து மீட்டர் சங்கிலி, அதற்குமேல் கயிறு. ஆனால் கயிறு பாறையிலும் சிப்பியிலும் உராய்ந்தால் ஓர் இரவுக்குள் அறுந்துவிடலாம். சங்கிலியின் இரண்டாவது பெருமை இதில்தான் இருக்கிறது. கி.மு. 56-இல் இன்றைய பிரான்சின் மேற்குக் கடற்கரையில் வெனட்டி இனத்தாரோடு போரிட்ட சூலியஸ் சீசர், அவர்கள் நங்கூரத்துக்குக் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி பூட்டியிருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். அப்படி இருந்தும் உலகம் மீண்டும் சணல் வடத்துக்கே போய்விட்டது. ஆங்கிலக் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரௌன் 1808 வாக்கில் முனைந்த பிறகே கப்பல்களில் சங்கிலி வழக்கத்துக்கு வந்தது. கப்பலை நிறுத்தும் சங்கிலி பாலத்தையும் தாங்குமே என்று அவருக்குத் தோன்றிற்று. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே ட்வீட் ஆற்றின்மேல் 1820-இல் அவர் கட்டிய தொங்குபாலம் இன்றும் நிற்கிறது.

எடையை எங்கே வைப்பது?

சங்கிலி கனமாக இருக்க வேண்டும் என்று இதுவரை பார்த்தோம். கடலடியில் அந்தக் கனம் நமக்கு நண்பன். படகின்மேல் அதுவே பகைவன்.

ஐம்பது மீட்டர் சங்கிலி 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் படகின் முனையை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நம் கடற்கரையில் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். நங்கூரம் அணியத்திலிருந்து இறங்குவதால் சங்கிலிப் பெட்டியையும் அணியத்தின் கூரிய முனையிலேயே அமைப்பது வசதி. வசதிதான், ஆனால் படகு அலையில் ஏறி இறங்கும்போது இந்த எடை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஒரு கோலின் நடுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு செம்புகளில் நீர் நிரப்பிக் கோலின் இரு முனைகளிலும் கட்டி, கோலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். பிறகு செம்புகளைக் கைக்கு அருகில் நகர்த்திக் கட்டித் திருப்புங்கள். எடை மாறவில்லை, ஆனால் திருப்புவது எவ்வளவு எளிதாகிவிட்டது! சுழற்சிக்கு எதிரான மந்தம் எடையைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. தொலைவின் வர்க்கத்தையும் பொறுத்தது. படகின் நடுவிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி அணியத்தில் இருக்கும் சங்கிலியை ஒரு மீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்தால் அதன் மந்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முனை கனத்த படகு அலையின்மேல் சட்டென்று எழாது. எழுந்தால் சட்டென்று நிற்காது. அடுத்த அலைக்குள் மூக்கைக் குத்தும்.

இதனால்தான் அனுபவசாலிகள் சங்கிலியைச் சரிவான குழாய் வழியாகப் பின்னுக்கு இறக்கி, பாய்மரத்தின் அடிப்பக்கத்தில், படகின் அடித்தளத்தை ஒட்டி வைக்கிறார்கள். தாழ்வாக வைத்தால் படகு பக்கவாட்டில் சாயாமல் நிற்கவும் அந்த எடை உதவும். இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாய் போதிய சரிவாக இல்லாவிட்டால் சங்கிலி தானாக வழுக்கி இறங்காது. ஒருவர் உள்ளே இருந்து இழுத்துவிட வேண்டும். இரண்டு பேர் உள்ள படகில் ஒருவரை இதற்கென ஒதுக்க முடியுமா? சின்னப் படகுகளில் பெட்டி அணியத்திலேயே இருந்துவிடுவதும், நெடும்பயணத்தின்போது மட்டும் சங்கிலியை நடுவுக்கு மாற்றுவதும் இதனால்தான். எனக்கு இது நியாயமான உடன்பாடாகவே படுகிறது.

குவியலின் குணம்

பெட்டிக்குள் சங்கிலியை அழகாகச் சுருட்டி அடுக்க வேண்டுமா? வேண்டாம். கயிற்றுக்குத்தான் அது தேவை. சங்கிலி மேலிருந்து விழுந்து தானே குவியட்டும்.

காஞ்சிபுரத்துத் தெருக்களில் காலை வேளையில் நெசவாளர்கள் பட்டுப் பாவை நீளமாக விரித்துச் சரிசெய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான இழைகள்; ஒன்றோடொன்று சிக்கினால் தறியில் ஏற்ற முடியாது. அதற்காக இழைகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பிரித்து, இடையே கோல்களைச் செருகி வரிசையைக் காப்பார்கள். பிறகு முறையாகச் சுற்றுவார்கள். கடைசியாகச் சுற்றியது முதலில் பிரியும். நீளமான எதையும் வைத்து எடுப்பதற்கு இதுவே விதி. சங்கிலிக்கு இந்த வரிசையைக் காத்துத் தருவது புவியீர்ப்பு. கடைசியாக விழுந்த கண்ணி குவியலின் உச்சியில் இருக்கும். இறக்கும்போது அதுவே முதலில் எழும். குவியல் கலையாத வரையில் சிக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மெல்லிய கழுத்துச் சங்கிலி ஒன்றை உயரமான டம்ளருக்குள் மெதுவாக இறக்குங்கள். மேல் முனையைப் பிடித்து இழுத்தால் வழுவழுவென்று வந்துவிடும். மறுபடியும் இறக்கி, இம்முறை டம்ளரை நாலு தடவை சாய்த்துக் குலுக்கிவிட்டு இழுங்கள். முடிச்சு விழுந்த கொத்தாகச் சில நேரம் வரும். இதே சோதனையை அகலமான தட்டில் செய்து பாருங்கள்.

தட்டு ஏன் மோசம்? மேலிருந்து விழும் சங்கிலி நெல் அம்பாரம் போலக் கூம்பாகக் குவிகிறது. அகலமும் ஆழக்குறைவும் உள்ள பெட்டியில் கூம்பின் உச்சி விரைவிலேயே மேல்துளையை முட்டிவிடும். பெட்டியில் இன்னும் பாதி இடம் இருக்கும், ஆனால் சங்கிலி உள்ளே போகாது. யாராவது கையை விட்டுக் குவியலைத் தள்ளிவிட வேண்டும். அதைவிடக் கெடுதல் பிறகு நேர்வது. படகு பாய் விரித்து ஒருக்களித்து ஓடும்போது உயரமான கூம்பு சரிகிறது. மேலே இருந்த கண்ணிகள் கீழே போய், அவற்றின்மேல் மற்றவை விழுந்து மூடிக்கொள்கின்றன. அடுத்த முறை நங்கூரம் இறக்கும்போது பத்து மீட்டர் ஒழுங்காக ஓடிவிட்டுச் சங்கிலி திடீரென்று நின்றுவிடும். கரை நெருங்கிக்கொண்டிருக்கும், காற்றோ கரையை நோக்கி வீசும். சங்கிலிப் பெட்டியின் வடிவம் உயிர்ப் பிரச்சினையாவது அந்தக் கணத்தில்தான்.

ஆகவே பெட்டி டம்ளரைப் போல ஆழமாகவும் குறுகலாகவும் இருப்பது நல்லது. கூம்பு சாய்ந்தாலும் பக்கச் சுவர் தாங்கிக்கொள்ளும். முழுச் சங்கிலியும் உள்ளே போன பிறகும் குவியலின் உச்சிக்கும் மேல்துளைக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல், முடிந்தால் ஒரு முழம், இடம் இருக்க வேண்டும். சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

அடியில் நீர் வடிய ஒரு துளையும், அதன்மேல் துளைகள் இட்ட பலகையும் அவசியம். சங்கிலி தன்னோடு கடல்நீரையும் சேற்றையும் கொண்டுவருகிறது. சேற்றில் உள்ள சிற்றுயிர்கள் மடிந்து நாறும் நாற்றத்தைப் படகுக்காரர்களிடம் கேட்டால் தெரியும். ஏற்றும்போதே கடல்நீரை வாரி இறைத்துக் கழுவிவிடுவது இதற்காக. நாற்றம் ஒரு தொல்லை, துரு ஓர் ஆபத்து. இரும்புச் சங்கிலியை ஏறத்தாழ 450 டிகிரி வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து விற்கிறார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழப்பதால் தானே அரிபட்டு இரும்பைக் காக்கிறது. பூச்சு தீர்ந்ததும் இரும்பின் முறை வரும். எந்தப் பகுதி முதலில் கெடும் என்று நினைக்கிறீர்கள்? நங்கூரத்தை ஒட்டிய முனை மணலில் தேய்கிறது. மறுமுனையோ எப்போதும் வெளியே வராமல், பெட்டியின் அடியில் ஈரத்தில் கிடந்து, யார் கண்ணிலும் படாமல் அரிக்கிறது. புயல் வந்து முழுச் சங்கிலியையும் விடும் நாளில்தான் அந்த முனைக்கு வேலை. சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே ஆகையால் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆண்டுக்கொரு முறை முழுவதையும் தரையில் விரித்து, கழுவி, கண்ணி கண்ணியாகப் பார்த்து, தலைகீழாக மாற்றிப் பூட்டுவது நல்ல பழக்கம். துரு ஏறிய கண்ணி சொரசொரப்பாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் குவியலும் ஒழுங்காக அமையாது என்பது கூடுதல் செய்தி.

இறக்குவதும் ஏற்றுவதும்

இறக்கும்போது விரல்களைக் காப்பதே முதல் வேலை. சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டால் அதைக் கையாலோ காலாலோ நிறுத்த முயலக் கூடாது. தொங்கும் பகுதி நீள நீள அதன் எடை கூடுகிறது; எடை கூடக் கூட வேகம் கூடுகிறது. கண்ணிக்கும் உருளைக்கும் நடுவே அகப்பட்ட விரல் திரும்பி வராது. வேட்டி நுனி, தாவணி, தளர்ந்த கூந்தல், தொளதொளத்த கையுறை எல்லாம் ஆபத்தானவையே.

தானே ஓடும் சங்கிலி ஒரு வேடிக்கையும் காட்டும். பாத்திரம் நிறைய மணிச்சங்கிலியைக் குவித்து ஒரு முனையை வெளியே எறிந்தால், சங்கிலி பாத்திரத்தின் விளிம்பில் மடங்கி விழாமல், நீரூற்றைப் போல விளிம்புக்கு மேலே எழும்பி வளைந்து விழுகிறது. ஆங்கிலேயரான ஸ்டீவ் மௌல்ட் 2013-இல் இதைப் படமெடுத்துக் காட்டியபோது இயற்பியலாருக்கே வியப்பாக இருந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் பிக்கின்சும் மார்க் வார்னரும் விளக்கம் தந்தார்கள். ஒரு கண்ணியின் முன்முனையைச் சட்டென்று தூக்கினால் அதன் பின்முனை குவியலைக் கீழ்நோக்கி உதைக்கிறது. குவியல் அதற்கு எதிராக மேல்நோக்கி உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்!

நங்கூரத்தையும் சங்கிலியையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. கடல்தரையில் ஒரே குவியலாக விழுந்த சங்கிலி நங்கூரத்தின் மேலேயே சுற்றிக்கொள்ளும். படகை நிறுத்தி, நங்கூரம் தரையைத் தொட்டதும் படகு காற்றோடு மெல்லப் பின்வாங்கட்டும். அதற்கேற்பச் சங்கிலியை விட்டுக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு விட்டோம் என்று தெரிய ஐந்து மீட்டருக்கு ஒரு வண்ணம் பூசி வைப்பார்கள். மணலில் உரசி வண்ணம் போய்விடும். ஆண்டுதோறும் மறுபடி பூச வேண்டியதுதான். தேவையான நீளம் போனதும் நைலான் கயிற்றை மாட்டி, கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு பனைமரத்தையும் பின்னாலுள்ள கோபுரத்தையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கோட்டில் பார்த்துவைக்க வேண்டும். அரைமணி கழித்து அந்தக் கோடு விலகியிருந்தால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள்.

ஏற்றுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? வெளியே 35 மீட்டர் சங்கிலி கிடக்கிறதே என்று மலைக்க வேண்டாம். தரையில் படுத்திருக்கும் சங்கிலியின் எடையைத் தரை சுமக்கிறது. நாம் சுமப்பது தொங்கும் பகுதியை மட்டுமே. ஆறு மீட்டர் உயரத்தில் அது ஏழு கிலோ. கடைசியில் நங்கூரமும் தரையை விட்டு எழும்போது இன்னும் ஒன்பது கிலோ. இரண்டும் சேர்ந்தால் கிணற்றிலிருந்து ஒரு பெரிய குடம் தண்ணீர் சேந்துவதற்குச் சமம். ஆனால் இருபது மீட்டர் ஆழத்தில் நிறுத்தியிருந்தால் 33 கிலோ, சேறு தனி. அதற்குத்தான் உருளை எந்திரம்.

கையால் இழுத்தாலும் எந்திரத்தால் இழுத்தாலும், சங்கிலியைக் கொண்டு படகை இழுக்கக் கூடாது. எந்திரத்தை மெல்ல ஓட்டியோ, காற்று ஓயும் கணம் பார்த்தோ படகை முன்னே போகவிட்டு, தொய்வை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்ததும் சங்கிலி செங்குத்தாகிறது. இழுப்பு மேல்நோக்கி மாறியதால் நங்கூரம் தானே மண்ணை விடுகிறது. பெயராவிட்டால் சங்கிலியைப் படகில் இறுக்கிக் கட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அடுத்த அலை படகைத் தூக்கும்போது பல டன் எடையுள்ள படகின் மிதப்பே அதைப் பிடுங்கித் தரும். நம் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

உருளை எந்திரத்தில் கண்ணிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சக்கரம் ஒன்று உண்டு. பள்ளமும் கண்ணியும் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். 8 மில்லிமீட்டர் என்று பெயர் இருந்தாலும் கண்ணியின் நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். பொருந்தாத சங்கிலி சுமை ஏறும் நேரம் பார்த்துச் சக்கரத்தை விட்டுத் துள்ளும். இரவு முழுவதும் சுமையை எந்திரத்தின்மேல் விட்டுவைப்பதும் கூடாது. அது தூக்குவதற்கு உள்ள கருவி. தாங்குவதற்குத் தளத்தில் ஊன்றிய கட்டுமுளை இருக்கிறது.

கடைசி முனை

இனி ஒரே ஒரு விவரம். பெட்டியின் அடியில் கிடக்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணியை எதில் கட்டுவது?

கட்டாமலே விட்டவர்கள் உண்டு. ஓடிய சங்கிலி முழுவதும், நங்கூரத்தோடு சேர்த்து, கண்முன்னே கடலுக்குள் போய் மறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். அதற்கு அஞ்சி லாட வடிவக் கொக்கியால் படகின் உடலோடு இரும்புக்கு இரும்பாகப் பூட்டிவிடுவதும் தவறு. மதராசுக் கடலில் நின்ற கப்பல்களை நினைத்துப் பாருங்கள். நங்கூரத்தை விட்டுவிட்டு ஓடியே தீர வேண்டிய நேரம் ஒன்று வரலாம். மற்றொரு படகு இழுபட்டு உங்கள்மேல் வந்துகொண்டிருக்கலாம். அப்போது துருப்பிடித்த கொக்கியைத் திருகிக் கழற்ற இருட்டில் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே கடைசிக் கண்ணிக்கும் படகுக்கும் நடுவே வலுவான நைலான் கயிறு ஒன்று. சங்கிலி முழுவதும் ஓடி முடிந்ததும் அந்தக் கயிறு மேல்தளம் வரை வந்து விறைத்து நிற்கும் நீளம் இருக்க வேண்டும். அருகிலேயே ஒரு கத்தி. கூடவே ஒரு மிதவையும் அதைக் கட்ட நீண்ட கயிறும். கயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கட்டி, மிதவையைக் கடலில் எறிந்துவிட்டு, பிறகு வெட்ட வேண்டும். காற்று ஓய்ந்த மறுநாள் வந்து மிதவையைத் தேடிப் பிடித்தால், அதன் அடியில் சங்கிலியும் நங்கூரமும் விட்ட இடத்தில் கிடக்கும்.